ஜனங்க ஒத்துக்கணுமே

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? அந்த ஊர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? பயிற்சிப் பள்ளியில் புது டிரைவர்கள் கியரைப் போட்டு இழுக்கிற சத்தத்தில் உங்களுக்குப் பல் கூசுகிறதாம், அண்ணி சொல்லிச் சிரித்தார்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஸ்டிரைக்கில் நீங்கள் ஐந்து மாதம் உள்ளே இருந்தபோது வாரம் ஒரு கடிதம் எழுதினேனே, நமக்கு அதுதான் சரிப்படும்.

விஷயம் இதுதான். நகர மன்றத் தேர்தலில் ஏழாவது வார்டுக்கு நம் கட்சி வேட்பாளர் நான். பழைய உறுப்பினர் உடம்பு முடியாமல் ஒதுங்கிவிட்டார். கிளைக் கூட்டத்தில் என் பெயருக்குப் பத்தொன்பது கை, ஸ்டோர் கீப்பருக்குப் பதினொன்று. செயலாளர் இரண்டு தடவை எண்ணினார். மூன்றாம் தடவை எண்ணக் கிளம்பியபோது ஒர்க்‌ஷாப் பெண், “தோழர், சீக்கிரம் முடிங்க, கை மரத்துப் போச்சு” என்றாள். அப்புறம்தான் அறிவித்தார்.

நாற்பது வருடமாக நாம் தோற்காத வார்டு. எதிர்த்தரப்பு வந்தால் டெப்போவை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு நம் குடியிருப்பை இடிப்பார்கள். அதை அவர்களே பெருமையாக நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிறார்கள். ஆகவே நமக்கு வேலை சுலபம் என்று நினைத்து நேற்று நம் குடியிருப்பு மூன்றாம் தெருவுக்குப் போனேன்.

முதல் வீடு பெயிண்டர் தோழர். வாசலில் நம் கொடி. “எனக்கு உங்க மேல முழு நம்பிக்கை. ஆனா ஜனங்க ஒத்துக்கணுமே” என்றார். எந்த ஜனங்க என்று கேட்டேன். பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினார். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன், “நான் அப்படியெல்லாம் பாக்கறவன் இல்லைம்மா. எதிர்வீட்டுக்காரர் கொஞ்சம் பழைய ஆளு” என்றார். எதிர்வீட்டுப் பழைய ஆள் டீ கொடுத்து, “பொம்பளைங்க வரணும், கண்டிப்பா வரணும். இந்தப் பெயிண்டர் மாதிரி ஆளுங்க இருக்காங்களே, அவங்களை நினைச்சாதான்...” என்று இழுத்தார். தெருவையே சுற்றி வந்துவிட்டேன், அண்ணா. ஜனங்க யாரும் வீட்டில் இல்லை.

இதை டெர்மினஸில், கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு டிரிப்புக்கு நடுவில் பதினோரு நிமிடம். எழுத்து ஆடினால் மன்னிக்கவும், ஆடுவது வண்டியா நானா தெரியவில்லை.

ஒரு உதவி. டெப்போ ஆட்கள் உங்கள் வார்த்தையைக் கேட்பார்கள். அவர்களுக்கு நாலு வரி எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
விசில்

—

பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்ததும் வகுப்பை விட்டு வெளியே வந்து படித்தேன். ஒன்பது வருடம் ஒரே வண்டியில் உன் விசிலுக்கு நின்றேன், உன் விசிலுக்குக் கிளம்பினேன். இனி ஊரே கிளம்பட்டும். பெருமையாக இருக்கிறது.

அண்ணன் என்ற உரிமையில் சில விஷயம். கோபப்படாதே. கூட்டத்தில் கொஞ்சம் சிரித்த முகமாக இரு. உனக்கு இயல்பாகவே புருவம் ஏறி நிற்கும். டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற மாதிரி ஓட்டுப் போடுகிறவனைப் பார்க்காதே. குரலைத் தாழ்த்து. ‘நான் செய்தேன்’ என்று சொல்லாதே, ‘நாம் செய்தோம்’ என்று சொல். உன் வீட்டுக்காரரையும் பெண்ணையும் ஒன்றிரண்டு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. நான் இதையெல்லாம் பார்க்கிறவன் இல்லை. ஜனங்க பார்ப்பார்கள்.

ஆட்களுக்கு எழுதுகிறேன். அந்தக் கவலையை விடு. நேரத்துக்குச் சாப்பிடு. தேர்தல் தேர்தல் என்று அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணன்

—

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். சிரித்தேன். “விளையாட்டா நினைக்கிறாங்க போல” என்றார்கள். குரலைத் தாழ்த்தினேன். பின்வரிசையிலிருந்து “கேக்கலை, சத்தமா பேசுங்க” என்று குரல் வந்தது. சத்தமாகப் பேசினேன். “எதுக்கு இப்படிக் கத்துறாங்க?” என்று முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்தினார். ‘நாம் செய்தோம்’ என்றேன். “அது சரி, நீங்க தனியா என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார்கள். இனி எதை மாற்றுவது என்று சொல்லுங்கள், அதையும் மாற்றிக்கொள்கிறேன்.

வீட்டுக்காரரையும் கூட்டிப் போனேன். ரிட்டயர்டு ஃபோர்மேன் எழுந்தார். மார்பில் நம் பேட்ஜ். “நீங்க கவுன்சிலுக்குப் போனா வீட்டை யாரு பாக்கறது? உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?” என்றார். இவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லேத் பட்டறையிலிருந்து நேராக வந்ததால் கையெல்லாம் எண்ணெய். மெதுவாக எழுந்து, “நான் என்னத்தைச் சொல்றது, இவளுக்குத்தான் ஓட்டுப் போடறேன்னு சொல்றேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். வெளியே வரும்போது அதே ஆட்கள் அவர் தோளைத் தட்டி, “பாவம்யா நீ” என்றார்களாம். வீட்டுக்கு வந்து சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சட்டையைக் கழற்றாமல் அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டோர் கீப்பரை யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதம் டெப்போவுக்கு வந்துவிட்டதா? நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. டைம்கீப்பர் என் கையெழுத்தை வாங்கும்போது நோட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்ப்பதில்லை. எனக்குத்தான் மனசு ஓரிடத்தில் நிற்காமல் எல்லாவற்றையும் தப்பாக எடுத்துக்கொள்கிறதோ என்னவோ.

உங்கள் தங்கை,
விசில்

—

பிப்ரவரி 26

அன்புத் தங்கச்சிக்கு,

நீ வீணாகக் கற்பனை செய்கிறாய். டைம்கீப்பர் பிறந்ததிலிருந்தே யாரையும் நேராகப் பார்த்தவர் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆட்கள் நம் ஆட்கள், எங்கே போய்விடப் போகிறார்கள்?

ஃபோர்மேனிடம் மல்லுக்கு நிற்காதே. பழைய மனிதர், மூன்று தடவை லத்தியடி பட்டவர். அவர் மனசில் கெட்ட எண்ணம் கிடையாது.

ஒருவேளை இந்த அலைச்சல் உனக்கு ரொம்பப் பாரமாக இருந்தால் சொல், செயலாளரிடம் பேசலாம். விலகுவதற்கு மார்ச் ஒன்று வரை நேரம் இருக்கிறது. விலகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் உடம்பை நினைத்துச் சொன்னேன்.

அன்புடன்,
அண்ணன்

—

மார்ச் 6

அண்ணனுக்கு,

நேற்று மத்தியானம் டிக்கெட் கட்டை வாங்க டெப்போவுக்குள் போனேன். கேண்டீனில் இருபது பேர் இருந்தார்கள். டைம்கீப்பர் நின்றுகொண்டு ஒரு காகிதத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகு காட்டி நின்றதால் நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தது. ஒருத்தரும் அவரை நிறுத்தவில்லை.

“அவளைப் போல் உழைக்கிறவள் நம் கிளையில் இல்லை. கூடப் பிறக்காத குறைதான், என் தங்கை. அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தடவை வேண்டாம். ஜனங்க இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. ஸ்டோர் கீப்பர் நின்றால் சேதாரம் இல்லை. மனசு நோகாமல் அவளையே விலக வைக்கப் பாருங்கள்.”

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து. மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது, அத்தனை கை மாறியிருக்கிறது. மேலே பிப்ரவரி ஒன்பது என்று போட்டிருந்தது. எனக்குப் பெருமையாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அதுவும் பிப்ரவரி ஒன்பது. ஒரே நாளில் இரண்டு கடிதம். எதை முதலில் எழுதினீர்கள்?

நான் அழவில்லை. ஓட்டுக் கேட்கிற முகத்தோடே எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். பிறகு எட்டு டிரிப் அடித்தேன். எந்த நிறுத்தத்தில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், ஒன்றும் ஞாபகம் இல்லை.

விலகும் தேதி தாண்டிவிட்டது. இனி நானாக நினைத்தாலும் முடியாது. தேர்தல் 22. அதற்குள் ஒரு நாள் வாருங்கள். டெப்போ வாசலில் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். எழுதியது தப்பு, அவளுக்குப் போடுங்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

தங்கை

—

மார்ச் 10

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கோபம் நியாயம். அந்தக் கடிதம் செயலாளருக்கு மட்டும் என்று எழுதியது. அதைக் கேண்டீனில் படித்தவன் புத்தி கெட்டவன்.

ஆனால் என் பக்கத்தையும் பார். நான் உனக்கு எதிரி இல்லை. வார்டு போனால் நானூறு குடும்பம் தெருவில் நிற்கும், உன் அண்ணியும் அதில் ஒருத்தி. அந்தப் பயத்தில் எழுதினேன். நீ தோற்று, “பாத்தீங்களா, பொம்பளையை நிறுத்தினா இதான் கதி” என்று நாலு பேர் பேசுவதை என்னால் தாங்க முடியாது. உனக்காகத்தான் எழுதினேன் என்று சொன்னால் நம்புவாயா?

இந்த வாரம் முழுக்கப் பரீட்சை. லீவு கேட்க வாயில்லை. ஓட்டுப் போட நிச்சயம் வருவேன்.

அண்ணன்

—

மார்ச் 25

அன்புத் தங்கச்சிக்கு,

ரேடியோவில் கேட்டேன். ஐம்பத்தேழு ஓட்டில் தோல்வி. மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. வகுப்பில் நின்று என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது.

தேர்தல் அன்று காலையிலேயே வந்து, உன் அண்ணியோடு போய்ப் போட்டுவிட்டேன். உன்னைத் தேடினேன், கூட்டத்தில் கண்ணில் படவில்லை. மத்தியானப் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டியிருந்தது.

நீ உன்னால் ஆனதைச் செய்தாய். ஜனங்க இன்னும் மாறவில்லை, நாம் என்ன செய்வது? கொஞ்ச நாள் ஓய்வெடு.

அண்ணன்

—

மார்ச் 31

அண்ணனுக்கு,

ஓய்வெடுக்கச் சொன்னீர்கள். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. நேற்று லீவு நாளில் சீருடை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். பெண் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள்.

எண்ணிக்கை நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும். பள்ளிக்கூட ஹால், நீள மேசைகள். எதிர்த்தரப்பு ஆளும் நானும் எதிரெதிரே. பாதி வரை நான் முன்னால் இருந்தேன். சந்தைத் தெருவும் தையல் மில் பெண்களும் அள்ளிப் போட்டிருந்தார்கள். கடைசியில் திறந்தது நம் குடியிருப்புப் பெட்டி. நம் கோட்டை. செயலாளர் மாலையை எடுத்து வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

அந்தப் பெட்டியில் வெற்றுச் சீட்டு வர ஆரம்பித்தது. எந்தச் சின்னத்திலும் குத்தாமல் மடித்துப் போட்டவை. ஒன்று, இரண்டு, பத்து. அதிகாரி ஒவ்வொன்றையும் தூக்கி இரண்டு பக்கமும் காட்டிவிட்டு “செல்லாது” என்று வைத்தார். நூற்று எண்பத்தாறு, அண்ணா. அவர்கள் யாரும் எதிரிக்குப் போடவில்லை. கட்சிக்குத் துரோகம் செய்ய மனசு வரவில்லை, எனக்குப் போடவும் கை வரவில்லை. எதிர்த்தரப்பு ஆளே என்னைப் பார்த்து, “என்னம்மா, உங்க ஆளுங்களா இவங்க?” என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

ஒரு சீட்டில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது. அதிகாரி சத்தமாகப் படித்தார்: “இந்த ஒரு தடவை மன்னிச்சிடு.” அவர் அதைத் திருப்பிக் காட்டியபோது பார்த்தேன். ‘டு’வின் வால் வளைந்து வளைந்து தாளின் ஓரம் வரை போயிருந்தது. ஜெயிலிலிருந்து எனக்கு இருபது கடிதம் வந்தது. அந்த வாலை இருட்டில் தடவிக்கூடக் கண்டுபிடிப்பேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன். ஏன்?

தங்கை

—

ஏப்ரல் 8

தங்கச்சி,

ஒரு வாரமாக நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் ஜனங்க ஜனங்க என்றே வந்தது. இதில் அந்த வார்த்தையை எழுதப் போவதில்லை.

நான்தான்.

ஜெயிலிலிருந்து வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. வாசலில் நானூறு பேர். மாலை போட்டார்கள், தோளில் தூக்கினார்கள். இறக்கிவிட்டதும் எல்லாரும் அடுத்து என்ன செய்வது என்று கேட்டுத் திரும்பினார்கள். உன் பக்கம் திரும்பினார்கள். நீ, நான் இல்லாதபோது சங்கத்தை நடத்திய நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணன் களைச்சுப் போயிருக்கார், முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க” என்றாய். பாசமாகத்தான் சொன்னாய். ஐந்து மாதம் உள்ளே இருந்தது எனக்கு வலிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை வலித்தது. ஸ்டோர் கீப்பர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன். அதுவும் எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் பெண் விடுதலை பற்றி நான் எத்தனை மணி நேரம் பேசியிருக்கிறேன்! பேசியதெல்லாம் பொய் இல்லை. என் வண்டியில் விசில் அடிக்கிறவளாக நீ இருந்தவரை ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நீ எனக்கு மேலே போய் உட்காருவாய் என்று வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, ஊரார் தலையில் போட்டேன்.

சாவடியில் சீல் கையில் இருந்தது. உன் சின்னத்துக்கு மேலே கொண்டுபோனேன். கை இறங்கவில்லை. சட்டைப் பையில் பென்சில் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் உன் அண்ணி, “தங்கச்சிக்குப் போட்டாச்சா?” என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன்.

மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணன்

—

ஏப்ரல் 12

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. முதலில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு வீட்டுக்காரர் பட்டறைக்குப் போனதும் மறுபடி படித்தேன். இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான் என்று தோன்றியது. கோபம் பாதி போய்விட்டது. மீதிக்கு ஒரு வழி இருக்கிறது.

21ஆம் தேதி ஞாயிறு பத்து மணிக்குக் கிளைக் கூட்டம். செயலாளர் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறார்: “வெற்றி உறுதியான வார்டுகளில் இனிச் சோதனை முயற்சிகள் கூடாது.” சோதனை முயற்சி என்றால் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். இது நிறைவேறினால் எனக்குப் பிறகு எந்தப் பெண்ணும் அங்கே நிற்க முடியாது. ஒர்க்‌ஷாப் பெண்ணைப் பத்தாவது வார்டுக்கு அடுத்த தேர்தலில் கேட்பதாக இருந்தோம்.

வெற்றுச் சீட்டெல்லாம் ‘மக்களின் மனநிலை’ என்று செயலாளர் அறிக்கை எழுதிவிட்டார். போட்டவர்களில் ஒருவராவது எழுந்து, அது மக்கள் இல்லை, நான்தான் என்று சொல்லவேண்டும். உங்கள் உறுப்பினர் சீட்டு இன்னும் நம் கிளையில்தான் இருக்கிறது. எனக்கு எழுதியதை அவர்கள் முன்னால் படியுங்கள். கேண்டீனில் அந்தக் கடிதத்தைக் கேட்ட அதே ஆட்கள்தான் இருப்பார்கள்.

அண்ணியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் பிடித்து வைக்கிறேன்.

தங்கை

—

ஏப்ரல் 18

அன்புத் தங்கச்சிக்கு,

நீ பாதிக் கோபம் போய்விட்டது என்று எழுதிய வரியைப் பத்துத் தடவை படித்தேன்.

21 அன்று புது பேட்ச் சேர்கிறது, நகர முடியாது. லீவு கிடைத்தாலும், அந்தக் கடிதம் அண்ணன் தங்கைக்குள் மனம் விட்டு எழுதியது. அதைச் சபையில் வைப்பது முறையாகாது. முப்பது வருடம் அந்த ஆட்கள் முன்னால் ஒரு மாதிரி இருந்துவிட்டேன். உனக்குப் புரியும்.

தீர்மானம் தோற்கும், பார். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்

—

ஏப்ரல் 23

தோழருக்கு,

தீர்மானம் நிறைவேறியது. பதினாறு கை ஆதரவு, பதினான்கு எதிர்ப்பு. பிப்ரவரியில் எனக்குத் தூக்கிய கைகளில் ஐந்து அந்தப் பக்கம் போயிருந்தன. ஃபோர்மேன் எனக்குப் பக்கத்தில் வந்து, “மனசுல வெச்சுக்காதேம்மா, உன்னை யாரும் குறை சொல்லலை, ஜனங்களைத்தான் சொல்றோம்” என்றார். ஒர்க்‌ஷாப் பெண் நாற்காலிகளை மடக்கி அடுக்கினாள். எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டு, “அக்கா, மாவட்டத்துல அப்பீல் இருக்கில்ல?” என்று கேட்டாள். இருக்கிறது. மே 12. பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடிதம் என் தோள்பையில் இருந்தது. செயலாளர் ‘மக்களின் மனநிலை’ என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் என் கை பைக்குள் போனது. எடுத்துப் படித்திருக்கலாம். கேண்டீனில் ஒருவர் செய்த வேலையை நானும் செய்ததாக ஆகியிருக்கும். அதனால் கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதுகிறபோது எனக்கு உங்கள் மேல் வெறுப்பு இல்லை. ஒன்பது வருடம் பள்ளம் மேடு தெரியாமல் என்னைக் கொண்டுபோனவர் நீங்கள், அதை யாரும் அழிக்க முடியாது. ஆனால் எனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிற அண்ணன் எனக்குப் போதாது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அலமாரியில் பூட்டி வைத்தால் வீட்டுக்குள் நடமாட முடியவில்லை. மூன்று நாளாக அந்த அறைப் பக்கமே போகாமல் சுற்றிப் போகிறேன்.

ஆகவே ஏப்ரல் எட்டாம் தேதிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். நீங்கள் காட்டுவதற்காகத் திருப்பி அனுப்புகிறேன்.

தோழமையுடன்,
ஏழாவது வார்டு